சங்கத்தின் பெயரைக் காப்பவர்
மருத்துவர் சங்கங்களின் தலைமை நிர்வாகி குறித்து ஒரு பாடம்

எந்தச் சங்கத்திலும் தலைவரை எல்லாரும் அறிவார்கள். ஆண்டு விழாவில் மேடையின் நடு நாற்காலி அவருடையது, பொன்னாடையும் அவருக்கே. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர், சந்தா பாக்கியை நினைவூட்டியவர், தணிக்கையாளரிடம் கணக்கைக் கொண்டுபோனவர், அரசு அலுவலகத்துக் கடிதத்துக்குப் பதில் எழுதியவர் யார் என்று கேட்டால்தான் சற்று யோசிப்போம். செயலாளர் என்கிற அந்த மனிதரைப் பற்றிப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவரை நம் சங்கத்தில் அல்லாமல் இன்னும் பெரிய களத்தில், மருத்துவர்களின் தொழிற் சங்கங்களில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

மருத்துவர் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மற்றச் சங்கங்களில் ஒரு நிர்வாகி தவறினால் நஷ்டம் உறுப்பினர்களோடு நின்றுவிடும். மருத்துவர் சங்கத்தில் தவறினால் நோயாளியின் நம்பிக்கையே ஆட்டம் காணும். ஆகவே பதவியின் கடமைகள் அங்கே பளிச்சென்று தெரிகின்றன. பெற்ற வெற்றிகளும் பட்ட அடிகளும் ஆண்டு வாரியாகப் பதிவாகியும் இருக்கின்றன.

பதவியின் பெயர் எதுவாயினும்

1832-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவமனையில் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் என்னும் மருத்துவர் கூட்டிய கூட்டத்திலிருந்து வளர்ந்ததே பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம். 1847-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க மருத்துவச் சங்கம் பிறந்தது. 1928-இல் கல்கத்தாவில் நடந்த அகில இந்திய மருத்துவ மாநாட்டில் இந்திய மருத்துவச் சங்கம் உருவாயிற்று. அதன் தலைமையகம் இப்போது நம் தலைநகரில், இந்திரப்பிரஸ்த மார்க்கில் இருக்கிறது.

மூன்றிலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். கிளைகளிலிருந்து வரும் பிரதிநிதிகள் கூடிக் கொள்கையை வகுப்பார்கள். அதைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கும். தலைவர் குறுகிய காலத்துக்கு வருவார். அமெரிக்கச் சங்கத்திலும் இந்தியச் சங்கத்திலும் தலைவரின் காலம் ஓராண்டே. இவர்கள் எல்லாருக்கும் நடுவே, அலுவலகத்தை நடத்தி, தீர்மானங்களைச் செயலாக்கி, ஒரு தலைவருக்கும் அடுத்தவருக்கும் இடையே தொடர்ச்சி அறாமல் காப்பவர் ஒருவர் வேண்டும். பிரிட்டனில் அவர் பெயர் வெகுகாலம் ‘செயலாளர்’ என்றே இருந்தது. அமெரிக்காவில் ‘செயலாளரும் பொது மேலாளரும்’ என்று தொடங்கி, பிறகு நிர்வாகத் துணைத் தலைவர், தலைமை நிர்வாகி என்றானது. அங்கே அவர் சம்பளம் பெறும் முழுநேர ஊழியர். இந்தியச் சங்கத்தில் இது தேர்தலில் வரும் கௌரவப் பதவி: கௌரவப் பொதுச் செயலாளர்.

பெயர்கள் மாறினாலும் சிக்கல் ஒன்றே. கொள்கையை வகுப்பவர் இவர் அல்லர். ஆனால் இவர் இல்லாமல் எந்தக் கொள்கையும் நடக்காது. அதிகாரம் இரவல், பொறுப்பு மட்டும் சொந்தம். இந்த நிலையில் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? வரலாறு தரும் பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் பாடம்: கட்டமைப்பே பலம்

1899-இல் ஜார்ஜ் சிம்மன்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் செயலாளராகவும் அதன் இதழின் ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். சங்கம் தோன்றி அரை நூற்றாண்டு கடந்திருந்தும் 1900-இல் உறுப்பினர் தொகை சுமார் 8,000 மட்டுமே. ஆண்டு மாநாட்டுக்கு வந்து, கட்டுரை வாசித்து, விருந்துண்டு கலையும் கூட்டமாகவே அது இருந்து வந்தது.

1901-இல் சங்க விதிகள் திருத்தப்பட்டன. மாவட்டச் சங்கத்தில் சேர்ந்தவர் மாநிலச் சங்கத்துக்கும், மாநிலச் சங்கம் தேசியச் சங்கத்துக்கும் உரியவர் என்ற சங்கிலி உண்டாயிற்று. மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் சபை கொள்கை வகுக்கும் அதிகாரம் பெற்றது. சிற்றூரில் தனியே மருத்துவம் பார்த்தவருக்கும் தலைமையகத்துக்கும் இடையே ஒரு நூல் கட்டப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1910-இல், உறுப்பினர்கள் சுமார் 70,000. நாட்டின் மருத்துவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சங்கத்துக்குள் வந்துவிட்டார்கள்.

தொகை மட்டுமா கூடியது? 1904-இல் மருத்துவக் கல்விக்கான குழுவும் 1905-இல் மருந்துகளை ஆராயும் குழுவும் அமைக்கப்பட்டன. அந்தக் காலத்து அமெரிக்காவில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத ‘ரகசிய மருந்து’களின் விளம்பரம் பத்திரிகைகளை நிரப்பியது. குழு ஏற்காத மருந்துகளின் விளம்பரங்களுக்குச் சங்க இதழ் கதவைச் சாத்தியது. அந்த மோசடி மருந்துகளை அம்பலப்படுத்தி சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற நிருபர் 1905-இல் எழுதிய தொடர்கட்டுரையைச் சங்கமே நூலாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. அடுத்த ஆண்டு தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. விளம்பர வருமானத்தை விட்டுக்கொடுத்த சங்கத்துக்கு அதைவிடப் பெரிய மூலதனம் கிடைத்தது: அதன் பெயரைக் கேட்டால் மக்கள் நம்பினார்கள்.

இந்த மூலதனத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது என்னவாயிற்று என்று பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் பாடம்: வலியறிதல்

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. செயலில் இறங்குமுன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடை போட வேண்டும் என்பது அதன் கருத்து. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வரலாற்றில் இந்தக் கருத்துக்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன.

முதலாவது 1911-13. நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தொழிலாளர்களுக்குத் தேசியக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளி வாரம் 4 பென்னி, முதலாளி 3, அரசு 2 செலுத்த வேண்டும்; நோய் வந்தால் மருத்துவமும் உதவித்தொகையும் கிடைக்கும். சங்கம் சில நிபந்தனைகளை முன்வைத்தது. அன்றைய தொழிலாளர் பரஸ்பர நிதிச் சங்கங்கள் மருத்துவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்திக் கட்டி மேய்த்து வந்தன. அந்தப் பிடி நீங்க வேண்டும், நோயாளி தன் மருத்துவரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், தலைக்கு ஆண்டுக்கு 8 ஷில்லிங் 6 பென்னி வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. 1912-இல் மருத்துவச் செயலாளராக வந்தவர் ஆல்பிரட் காக்ஸ். வடக்கே கேட்ஸ்ஹெட் என்னும் தொழில் நகரில் மருத்துவம் பார்த்தவர். ஏழைகளின் டாக்டர் எப்படிப் பிழைக்கிறார் என்பதை நேரில் அறிந்தவர்.

அரசு படிப்படியாக இறங்கி வந்தது. பரஸ்பர நிதிச் சங்கங்களின் பிடி தளர்த்தப்பட்டது. மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏற்கப்பட்டது. தொகையும் உயர்ந்தது. கேட்டதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருந்தால் அது சங்கத்தின் வெற்றி விழாவாக இருந்திருக்கும். ஆனால் எதிர்ப்பு உணர்ச்சி அதற்குள் தலைக்கேறிவிட்டது. 1912 டிசம்பரில் ‘சேவையில் சேர மாட்டோம்’ என்றே சங்கம் முடிவு செய்தது. தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்த மருத்துவர்களோ கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புதிய திட்டத்தில் தங்கள் வருமானம் கூடும் என்று கண்டார்கள். 1913 ஜனவரித் தொடக்கத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுச் சேர்ந்துவிட்டனர். அதே மாதம் சங்கம் தன் உறுப்பினர்களை உறுதிமொழியிலிருந்து விடுவிக்க வேண்டியதாயிற்று. வென்ற போரைத் தோல்வியாக மாற்றிக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாவது விளக்கம் 1948. இம்முறை எதிரே நின்றவர் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன். 1946-இல் தேசியச் சுகாதார சேவைச் சட்டம் நிறைவேறிவிட்டது; 1948 ஜூலை 5 அன்று சேவை தொடங்க வேண்டும். சங்கச் செயலாளர் சார்லஸ் ஹில். போர்க்காலத்தில் வானொலியில் உணவு, உடல்நலம் பற்றி வீட்டுப் பேச்சில் பேசிப் பெயர் பெற்றவர். மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்ற நெறியால் பெயர் சொல்லாமல் ‘ரேடியோ டாக்டர்’ என்றே ஒலிபரப்பில் அறியப்பட்டார். நாடே நேசித்த அந்தக் குரல் இப்போது அரசை எதிர்க்கும் குரலாயிற்று.

மருத்துவர்களின் அச்சம், தாங்கள் மாதச் சம்பள அரசு ஊழியர்களாக ஆக்கப்படுவோமோ என்பது. மருத்துவர் ஓய்வு பெறும்போது தம் தொழிலை மற்றொருவருக்கு விற்கும் வழக்கமும் தடை செய்யப்பட்டது. அதற்கு ஈடாக 6 கோடியே 60 லட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் சங்கம் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்தவர்கள் 40,814, ஆதரித்தவர்கள் 4,735. பத்துக்கு ஒன்பது பேர் எதிர்ப்பு! இப்படியொரு முடிவு கையில் கிடைத்த எந்தச் செயலாளருக்கும் மார்பு விம்மும்.

ஏப்ரலில் பெவன் ஒரு வாக்குறுதி தந்தார்: முழுநேரச் சம்பள சேவையை வெறும் விதிமுறைகளால் கொண்டுவர முடியாதபடி சட்டத்திலேயே தடை வைக்கப்படும் என்றார். மே மாதம் மறு வாக்கெடுப்பு. இம்முறை எதிர்ப்பு 25,842, ஆதரவு 14,620. இன்னமும் எதிர்ப்பே பெரும்பான்மை. ஆனால் சங்கம் வாக்கெடுப்புக்கு முன்பே ஓர் அளவுகோலை வெளியிட்டிருந்தது: எதிர்ப்பவர்களில் பொது மருத்துவர்கள் மட்டும் 13,000 பேராவது இருந்தாலொழியப் புறக்கணிப்பை நடத்த முடியாது என்பது அது. அந்த எண்ணிக்கை எட்டவில்லை. ஆகவே சங்கம் ஒத்துழைக்க முடிவு செய்தது. ஜூலை 5 அன்று சேவை குறித்தபடி தொடங்கிற்று. 

இரு சம்பவங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1913-இல் சங்கம் உறுப்பினர்களின் கோபத்தை அவர்களின் உறுதி என்று தவறாக எடுத்துக்கொண்டது. கூட்டத்தில் கை தூக்குவது வேறு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று எண்ணுகையில் எடுக்கும் முடிவு வேறு. 1948-இல், பின்வாங்க நேர்ந்தால் எந்தக் கதவு வழியாக என்பதை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தார்கள். அதனால் சங்கம் உடையவில்லை. மருத்துவர்களுக்கு முக்கியமான உறுதிமொழியும் கிடைத்தது. போராட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே அதை முடிக்கும் நிபந்தனையையும் எழுதி வைப்பது நல்ல நிர்வாகியின் அடையாளம்.

மூன்றாம் பாடம்: பெயர் விற்பனைக்கல்ல

இப்போது அமெரிக்கச் சங்கத்தின் அந்த மூலதனத்துக்கு வருவோம். நடுவில் ஒரு சறுக்கல் ஏற்கெனவே நேர்ந்திருந்தது. 1933 முதல் 1953 வரை அச்சங்கத்தின் இதழில் சிகரெட் விளம்பரங்கள் வந்தன. போலி மருந்துக்குக் கதவைச் சாத்திய அதே இதழ்தான்!

1997 ஆகஸ்டில் நடந்தது இதைவிடப் பெரிது. வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் சன்பீம் நிறுவனத்தோடு சங்கம் 5 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரத்த அழுத்தமானி, வெப்பமானி, சூட்டு ஒத்தடத் திண்டு போன்ற பொருட்களின் மேல் சங்கத்தின் பெயரும் சின்னமும் இருக்கும். விற்பனையில் சங்கத்துக்குப் பங்கு வரும். அந்த வகைப் பொருட்களில் வேறெந்த நிறுவனத்துக்கும் சங்கம் தன் பெயரைத் தராது. கேலிக்கூத்து என்னவென்றால், அந்தப் பொருட்களைச் சங்கம் பரிசோதிக்கப் போவதில்லை. மருத்துவர் சங்கத்தின் சின்னத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் இரத்த அழுத்தமானியை வாங்குகிறார் என்றால், டாக்டர்கள் சோதித்துச் சரி என்று சொன்னதாகத்தானே நினைப்பார்?

உறுப்பினர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. அறங்காவலர் குழு இந்த ஒப்பந்தத்தை முன்கூட்டிப் பரிசீலிக்கவில்லை என்று சங்கம் கூறியது. சில நாட்களுக்குள் பின்வாங்கியது. செப்டம்பரில் மூத்த அதிகாரிகள் மூவர் வெளியேறினர். சன்பீம் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் தலைமை நிர்வாகி ஜான் சீவர்ட் பதவி விலகினார். 1998-இல் 99 லட்சம் டாலர் கொடுத்துச் சங்கம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரு பொருளும் விற்காமல், ஒரு காசும் வராமல், உறுப்பினர் பணம் போயிற்று. பணம் போனதுகூடப் பெரிதல்ல. 1905-இல் சம்பாதித்த பெயருக்குக் கறை விழுந்தது.

‘அமெரிக்கா என்றால் அப்படித்தான்’ என்று நாம் சொல்லிவிட முடியாது. 2008-இல் இந்திய மருத்துவச் சங்கம் பெப்சிகோ நிறுவனத்தின் ட்ராபிகானா பழச்சாறுக்கும் குவாக்கர் ஓட்ஸுக்கும் தன் அங்கீகாரத்தை வழங்க ஒப்பந்தம் செய்தது. கண்டனங்கள் எழுந்தன. 2010-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் இதை நெறி மீறலாகக் கண்டு நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. தனி மருத்துவர் ஒருவர் ஒரு சரக்குக்கு விளம்பரம் செய்தால் தவறு. மருத்துவர்கள் எல்லாரும் சேர்ந்த சங்கம் செய்தால் மட்டும் சரியா என்ற கேள்வியைச் சாதாரண வாசகரும் கேட்டார்.

தலைமை நிர்வாகிக்கு வருமானம் தேட வேண்டிய கட்டாயம் உண்டு. கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், மாநாட்டுச் செலவு எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் சங்கத்தின் பெயர் அவருக்குச் சொந்தமான சொத்தல்ல. முன்னோர் வைத்துப்போன அடகுப் பொருள் போன்றது. அதைக் காத்து அடுத்தவரிடம் ஒப்படைக்கலாமே தவிர, விற்க அவருக்கு உரிமை இல்லை.

நான்காம் பாடம்: ஆசிரியரின் பேனா

மருத்துவர் சங்கங்களின் மிகப் பெரிய உடைமை பெரும்பாலும் அவற்றின் இதழ்களே. அமெரிக்கச் சங்கத்தின் இதழான ஜாமா உலகெங்கும் படிக்கப்படுவது. 1982 முதல் அதன் ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் லுண்ட்பெர்க். 1999 ஜனவரியில், கல்லூரி மாணவர்கள் எதைப் பாலுறவு என்று கருதுகிறார்கள் என்பது பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை அவர் வெளியிட முன்வந்தார். 1991-இல் திரட்டிய விவரங்கள் அவை. அந்த வாரங்களில் அமெரிக்க செனட்டில் ஜனாதிபதி கிளிண்டன் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லின் பொருளே அங்கே விவாதப் பொருள். அரசியலில் தலையிட இதழைப் பயன்படுத்திவிட்டார் என்று கூறி, தலைமை நிர்வாகி ராட்கிளிஃப் ஆண்டர்சன் ஜனவரி 15 அன்று அவரைப் பதவி நீக்கினார்.

ஆசிரியர் செய்தது சரியா தவறா என்பதில் அறிஞர்கள் இரு பக்கமும் பேசினார்கள். ஆனால் ஒரு கட்டுரைக்காக ஆசிரியரை நிர்வாகி நீக்கலாம் என்றால் அந்த இதழில் வரும் மற்றக் கட்டுரைகளை எப்படி நம்புவது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஆகவே சங்கம் புதிய ஏற்பாடு செய்தது. ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்று ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே அமைக்கப்பட்டது. ஆண்டர்சனும் 2001-இல் பதவியை இழந்தார்.

அதே 1999-இல் மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கமும் தன் புகழ்பெற்ற இதழின் ஆசிரியர் ஜெரோம் காசிரரை விட்டு விலகியது. இதழின் பெயரை வேறு வெளியீடுகளுக்கும் பயன்படுத்த நிர்வாகம் விரும்பியதே பூசலின் வேர். 2006 பிப்ரவரியில் கனடாவிலும் மருத்துவச் சங்க இதழின் மூத்த ஆசிரியர்கள் இருவர் நீக்கப்பட்டனர். ஆசிரியர் குழுவில் பலர் விலகினர். மூன்று இடங்களிலும் நிர்வாகிக்கு அதிகாரம் இருந்தது. அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே அதைப் பயன்படுத்தலாகாத இடமும் உண்டு என்பதுதான் பாடம்.

ஐந்தாம் பாடம்: பணம் வரும் வழி

1950-களில் அமெரிக்க மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் இருந்தனர். இப்போது நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்கிடுகிறார்கள். ஆனாலும் சங்கம் செல்வச் செழிப்போடுதான் இருக்கிறது. எப்படி? 1966-இல் அது வெளியிடத் தொடங்கிய சிகிச்சைக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று காரணம். அமெரிக்காவில் மருத்துவர்கள் பெரும்பாலான சிகிச்சைகளுக்குப் பில் போட அந்தக் குறியீட்டு எண்கள் தேவை. அவற்றின் பதிப்புரிமை சங்கத்தினுடையது. அதோடு இதழ்களின் வருமானமும் சேர்ந்து, சந்தாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இது நிர்வாகத் திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. சந்தாவை நம்பியிருக்கும் செயலாளர் உறுப்பினர் முகம் சுளித்தாலே கவலைப்படுவார். வேறு வழியில் பணம் கொட்டும் செயலாளருக்கு உறுப்பினர் விலகிப்போவது தெரியவே நாளாகும். பணம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, காது அந்தத் திசையில்தான் திரும்பும். ஆகவே வரவு செலவு அறிக்கையில் சந்தாவின் பங்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பார்ப்பது, உறுப்பினர்களுக்கும் நிர்வாகிக்கும் நல்லது.

நம் நாட்டில்

இந்திய மருத்துவச் சங்கத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இருக்கிறார்கள். தலைவர் ஆண்டுக்கு ஒருவர். பொதுச் செயலாளரும் தம் மருத்துவத் தொழிலுக்கு நடுவே சேவையாகச் செய்பவர். இதில் நன்மை உண்டு. தினமும் நோயாளியைப் பார்ப்பவருக்கே நோயாளியின் மொழி தெரியும். குறையும் உண்டு. ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு முடிக்கும்போது பதவிக்காலமும் முடிந்துவிடுகிறது.

அண்மை ஆண்டுகளில் இச்சங்கம் சந்தித்த மூன்று சோதனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கோவிட் காலம். எத்தனை மருத்துவர்கள் தொற்றால் இறந்தார்கள் என்ற விவரம் மத்திய அரசிடம் இல்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. சங்கம் உடனே, அதுவரை இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. கிளைகள் தோறும் கேட்டுத் திரட்டிய பெயர்கள். கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை, ஒரு பட்டியல்தான். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அந்த 382 குடும்பங்களின் இழப்பு கணக்கிலேயே வந்திராது. பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பது எவ்வளவு பெரிய அறம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சிம்மன்ஸ் நூறாண்டுக்கு முன் கட்டிய அதே நூல், கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையேயான நூல், இங்கே பயன்பட்டது.

இரண்டாவது, 2024 ஆகஸ்ட். கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாடெங்கும் மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். சங்கம் ஆகஸ்ட் 17 காலை 6 மணி முதல் 24 மணி நேரம் சேவை நிறுத்தம் அறிவித்தது; ஆனால் அவசர சிகிச்சையை அதிலிருந்து விலக்கியது. தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. கோபம் நியாயமானதாக இருந்தாலும் அதற்கு ஒரு கரை கட்டினார்கள். விபத்தில் அடிபட்டு வருபவனுக்கும் பிரசவ வலியோடு வருபவளுக்கும் அந்தக் கரைதான் உயிர்.

மூன்றாவது, ஆறுதலான செய்தி அல்ல. தவறான மருந்து விளம்பரங்களுக்கு எதிராக 2022-இல் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1905-இல் அமெரிக்கச் சங்கம் செய்ததை ஒத்த நற்செயல். 2024-இல் எதிர்த்தரப்பினர் பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்பு வெளியிட நேர்ந்தது. ஆனால் அதே விசாரணையில் நீதிமன்றம், சங்கம் முதலில் தன் வீட்டையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று, தேவையற்ற விலையுயர்ந்த மருந்துகளை எழுதித் தருவது பற்றிய புகார்களைச் சுட்டிக்காட்டிற்று. அதன்பின் வழக்கு நடக்கும்போதே சங்கத் தலைவர் ஒரு பேட்டியில் நீதிமன்றத்தைக் குறை கூற, அவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்தவரை நோக்கி ஒரு விரல் நீட்டும்போது மூன்று விரல்கள் நம்மை நோக்கி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். எப்போது பேசுவது என்பதோடு எப்போது வாய் திறக்காமல் இருப்பது என்பதையும் தலைவருக்கு எடுத்துச் சொல்லும் துணிவு செயலாளருக்கு வேண்டும்.

பாடத்தின் சாரம்

இதுவரை கண்டதைச் சுருக்கித் தருகிறேன்.

1. கடைக்கோடி உறுப்பினர் வரை தொடர்பைக் கட்டுக. பட்டியலும் பதிவேடும் அலுவலக வேலை மட்டுமல்ல. அவையே சங்கத்தின் கண்ணும் காதும்.

2. உறுப்பினரின் கோபத்தை அளக்கும்போது அவரது பொறுமையையும் அளக்க. போராட்டத்துக்கு முன்பே அதன் எல்லையை எழுதி வைக்க.

3. சங்கத்தின் பெயரை எந்தச் சரக்கின் மேலும் ஒட்டாதிருக்க. பெரிய ஒப்பந்தம் எதையும் குழுவின் முன் வைக்காமல் கையெழுத்திடாதிருக்க.

4. இதழாசிரியரின் பேனாவைத் தொடாதிருக்க.

5. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை மறவாதிருக்க.

6. உறுப்பினரின் நலனும் நோயாளியின் நலனும் மோதும்போது நோயாளியின் பக்கம் நிற்க. நெடுநாளில் அதுவே உறுப்பினருக்கும் நன்மை. மக்கள் நம்பாத மருத்துவர் சங்கத்தால் மருத்துவர்களுக்கே பயனில்லை.

ஆறாவதுதான் மற்ற ஐந்துக்கும் ஆணிவேர். மருத்துவர் சங்கம் என்பது தொழிலாளர் சங்கமும் ஆகும், அறிவுச் சபையும் ஆகும், பொதுமக்களுக்குக் கொடுத்த வாக்குறுதியும் ஆகும். இம்மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, எதுவும் கீழே விழாமல் பார்த்துக்கொள்பவரே தலைமை நிர்வாகி. அவர் வேலை நன்றாக நடக்கும்போது யாருக்கும் அவர் பெயர் தெரிவதில்லை. தவறும்போதுதான் பெயர் செய்தித்தாளில் வருகிறது.

சிந்திக்கச் சில கேள்விகள்

வாசக அன்பர்கள் குடும்பத்தோடு அமர்ந்து விவாதிக்கச் சில கேள்விகளைத் தருகிறேன். நம் வீட்டு டாக்டர்களையும், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. 1948 பிப்ரவரி வாக்கெடுப்போடு ஹில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? 1913-ஐ ஒப்பிட்டுக் கூறுக.

2. சன்பீம் பொருட்களைச் சங்கம் முறையாகப் பரிசோதித்துவிட்டுப் பெயர் தந்திருந்தால் அந்த ஒப்பந்தம் சரியாகியிருக்குமா?

3. சேவை நிறுத்தத்தின் போது அவசர சிகிச்சைக்கு விலக்கு அளிப்பது போராட்டத்தைப் பலவீனப்படுத்துகிறதா, பலப்படுத்துகிறதா?

4. நம் தமிழ்ச் சங்கத்தின் பெயரை விழா மேடையில் எந்தெந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், எதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது? இதற்கு எழுதிவைத்த விதி நம்மிடம் உண்டா?

நான்காவது கேள்விக்கான பதிலை அடுத்த பொதுக்குழுவில் எதிர்பார்க்கலாம் அல்லவா?